மத்திய வங்கி வட்டியைக் குறைத்தும் என் கடனுக்கு ஏன் குறையவில்லை?

இலங்கையின் கிழக்கே அக்கரைப்பற்றில் நெல் ஆலை வைத்திருக்கும் ஒருவர் கேட்டிருக்கிறார். மத்திய வங்கி 2023 இலிருந்து வட்டியைப் பல தடவை குறைத்துவிட்டது என்று செய்தியில் சொல்கிறார்கள், ஆனால் தன்னுடைய ஆலைக் கடனுக்கு அந்த அளவுக்கு வட்டி இறங்கவில்லை என்கிறார். வங்கிகளில் இருக்கும் பணத்தையெல்லாம் அரசாங்கம் கடனாக அள்ளிக்கொண்டு போவதுதான் காரணம் என்று ஒரு நண்பர் சொன்னாராம். அப்படியென்றால் அரசாங்கம் தனக்கு வேண்டியதை அச்சடித்துக்கொண்டு வங்கிப் பணத்தை மக்களுக்கு விடலாமே என்று இன்னொருவர் கேட்டாராம். கேள்வி இரண்டு மூன்றாகத் தெரிந்தாலும் அடியில் இருப்பது ஒன்றுதான்: நான் கட்டும் வட்டியை உண்மையில் யார் தீர்மானிக்கிறார்கள்? மத்திய வங்கியா, அரசாங்கத்தின் பணப்பெட்டியான திறைசேரியா, என் கிளை முகாமையாளரா?

மூவரும்தான். ஆனால் மூவரின் பங்கும் சமமில்லை, காலத்துக்குக் காலம் மாறவும் செய்யும். உழைத்த காலம் முழுவதும் கல்முனை, மட்டக்களப்புப் பக்கக் கிளைகளில் கடன் பிரிவில் இருந்தவன் நான். இப்போது வங்கிப் பரீட்சை எழுதும் பிள்ளைகளுக்கு இந்தப் பாடத்தைச் சொல்லிக்கொடுக்கிறேன். அந்த அனுபவத்தில் முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அரசாங்கம் எவ்வளவு கடன் வாங்குகிறது என்று மட்டும் பார்த்தால் வட்டியின் போக்கு பிடிபடாது. எந்தப் பையிலிருந்து வாங்குகிறது என்பதைப் பார்க்க வேண்டும். உங்கள் இரண்டு நண்பர்களும் அதைப் பார்க்கத் தவறிவிட்டார்கள்.

மத்திய வங்கி அறிவிக்கும் வட்டி என்ன வட்டி? அது ஓர் இரவுக்கான வட்டி. மாலையில் கணக்கு முடிக்கும்போது ஒரு வங்கியில் காசு மிஞ்சியிருக்கும், இன்னொன்றில் குறையும். மிஞ்சியதை மத்திய வங்கியில் போட்டுவைத்தால் ஒரு வட்டி, குறைந்ததை அங்கே கடனாக எடுத்தால் அதைவிட ஒரு சதவீதம் கூடிய வட்டி. நீண்ட காலம் இந்த இரண்டு வீதங்களையும் வைத்துத்தான் கொள்கையை நடத்தினார்கள். 2024 நவம்பரில் இருந்து ஓரிரவுக் கொள்கை வீதம் என்று ஒன்றை மட்டும் முன்னிறுத்துகிறார்கள். அது 8 சதவீதத்தில் தொடங்கி 2025 மே மாதம் 7.75 ஆனது. இரண்டு வங்கிகள் ஒருவருக்கொருவர் ஓர் இரவுக்குக் கொடுத்து வாங்கும் காசின் விலைக்கு மத்திய வங்கி வைக்கும் குறிதான் அது. உங்களுக்குத் தருவது ஐந்து வருடக் கடன், அதுவும் மழையை நம்பிய தொழிலுக்கு. அதனால் கொள்கை வீதத்தை உங்கள் வட்டிக்கு அடித்தளம் என்று எடுத்துக்கொள்ளுங்கள், அதன் மேல் பல தட்டுகள் வந்து உட்காரும்.

அடித்தளம் எப்படி ஏறி இறங்கியது என்பதையும் சொல்ல வேண்டும். 2022 ஏப்ரல் 8 ஆம் தேதி ஒரே நாளில் 7 சதவீதப் புள்ளிகள் கூட்டி, வைப்புக்கு 13.5, கடனுக்கு 14.5 என்று கொண்டுபோனார்கள். 2023 மார்ச்சில் அது 15.5, 16.5 என்ற உச்சத்தைத் தொட்டது. ஜூனில் 2.5 புள்ளிகளும் ஜூலையில் 2 புள்ளிகளும் வெட்டினார்கள், வருடம் முடியும்போது 9, 10 என்று நின்றது. கொள்கை வீதம் உச்சத்தில்கூட 16.5 ஐத் தாண்டவில்லை என்பதைக் கவனியுங்கள். அதே காலத்தில் மூன்று மாதத் திறைசேரி உண்டியலுக்கு, அதாவது தன் குறுங்காலக் கடன் சீட்டுக்கு, அரசாங்கம் 30 சதவீதத்துக்கு மேல் வட்டி கொடுத்தது. வங்கிகள் தங்கள் மிகச் சிறந்த வாடிக்கையாளருக்குக் கொடுக்கும் கடனின் சராசரி வட்டி 2022 முடிவில் 27 சதவீதத்தைத் தாண்டியிருந்தது. மத்திய வங்கியே எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது என்றால் இந்த இடைவெளி எங்கிருந்து வந்தது?

அதற்குப் பதில் சொல்லுமுன் வங்கிக் கடன் எப்படிப் பிறக்கிறது என்பதைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்ப்போம். மாசி மாதம் பெரும்போக அறுவடை. நெல் வாங்க உங்களுக்கு ஒரு கோடி ரூபா வேண்டும். கிளையில் கடன் பாஸாகிறது. அன்று பெட்டகத்திலிருந்து யாரும் ஒரு கோடியை எடுத்து உங்கள் கையில் எண்ணித் தருவதில்லை. கணினியில் இரண்டு பதிவு போடுகிறார்கள், அவ்வளவுதான்: நீங்கள் வங்கிக்குத் தர வேண்டியது ஒரு கோடி, உங்கள் நடைமுறைக் கணக்கில் இருப்பது ஒரு கோடி. காலையில் நாட்டில் இல்லாத ஒரு கோடி ரூபா மத்தியானம் இருக்கிறது. இன்னொருவரின் வைப்பிலிருந்து அது கழிக்கப்படவில்லை. நீங்கள் சம்மாந்துறை விவசாயிக்குக் காசோலை எழுதுகிறீர்கள், அவர் அதை வேறொரு வங்கியில் போடுகிறார். இப்போதுதான் உங்கள் வங்கிக்குச் சோதனை. மத்திய வங்கியில் தான் வைத்திருக்கும் கணக்கிலிருந்து அந்த மற்ற வங்கிக்கு உண்மையான காசை அது மாற்றிக் கொடுக்க வேண்டும்.

ஆகவே வங்கி நினைத்தபடி பணம் உண்டாக்கிவிட முடியாது. மத்திய வங்கியில் வைத்திருக்கும் அந்த இருப்பு ஒரு கடிவாளம். வங்கியின் சொந்த மூலதனம் இன்னொரு கடிவாளம். கடன் திரும்பி வருமா என்ற பயம் மூன்றாவது, அனுபவத்தில் எல்லாவற்றையும்விட இறுக்கமானது அதுதான். வைப்புகளில் இத்தனை பங்கை மத்திய வங்கியில் சும்மா வைத்திருக்க வேண்டும் என்று ஒரு விதியும் உண்டு, நியதி ஒதுக்கு என்பார்கள். 2020 ஜூனில் அதை 2 சதவீதத்துக்கு இறக்கினார்கள், 2021 செப்டெம்பரில் 4 ஆக்கினார்கள், 2023 ஆகஸ்டில் மறுபடி 2 க்குக் கொண்டுவந்தார்கள். வங்கிகளிடம் காசு தாராளமாகப் புழங்க வேண்டுமா, இறுக வேண்டுமா என்பதை மத்திய வங்கி நேரடியாகத் திருகும் ஓர் இடம் அது.

இனி அரசாங்கத்துக்கு வருவோம். வரி போதாதபோது அது கைநீட்டும் பைகள், வெளிநாட்டை விட்டுவிட்டால், மூன்று. முதல் பை மக்களின் சேமிப்பு: ஊழியர் சேமலாப நிதியம், தேசிய சேமிப்பு வங்கி, காப்புறுதிக் கம்பனிகள், தனி ஆட்கள். சேமலாப நிதியத்தின் பணத்தில் மிகப் பெரும் பகுதி அரசாங்கத்தின் நீண்ட காலக் கடன் பத்திரங்களான திறைசேரி முறிகளில்தான் இருக்கிறது. தேசிய சேமிப்பு வங்கி தன் வைப்புகளில் குறைந்தது 60 சதவீதத்தை உண்டியல், முறி போன்ற அரச பிணையங்களில் போட வேண்டும் என்பது சட்டம். களுவாஞ்சிக்குடியில் ஒரு ஆசிரியை மாதம் மாதம் அதில் போடும் காசு, அவர் அறியாமலே அரசாங்கத்துக்குக் கடனாகிறது. இந்தப் பையிலிருந்து எடுக்கும்போது புதுப் பணம் பிறப்பதில்லை. ஒருவர் செலவழிக்காமல் வைத்ததை அரசாங்கம் செலவழிக்கிறது. விலைவாசிக்குப் பெரிய அழுத்தம் இல்லை, ஆனால் கடனுக்கான போட்டி கூடும்.

இரண்டாவது பை வணிக வங்கிகள். வங்கி ஒன்று திறைசேரி உண்டியல் வாங்குவது உங்களுக்குக் கடன் கொடுப்பது போன்றதுதான், அங்கேயும் பணம் பிறக்கிறது. அரசாங்கம் அந்தக் காசில் சம்பளம் கொடுக்கிறது, அது மக்களின் கணக்குகளில் வைப்பாக வந்து விழுகிறது. மூன்றாவது பை மத்திய வங்கி. அது நேரடியாக உண்டியலை வாங்கி அரசாங்கத்தின் கணக்கில் வரவு வைத்தால், வைப்போடு சேர்த்து வங்கிகளின் கையிருப்பும் பெருகுகிறது. மேலே சொன்ன முதல் கடிவாளம் தளர்ந்துவிடும். நோட்டடிப்பது என்று ஊரில் சொல்வது இதைத்தான். இதில் அச்சு இயந்திரத்துக்கு வேலை மிகக் குறைவு, எல்லாம் கணக்குப் பதிவு.

வட்டி எங்கே நிர்ணயமாகிறது என்று பார்க்க விரும்பினால் புதன்கிழமைகளைக் கவனியுங்கள். திறைசேரி உண்டியல் ஏலம் வழமையாக அன்றுதான். 91 நாள், 182 நாள், 364 நாள் என்று மூன்று வகை. அரசாங்கம் ஓராண்டில் 100 ரூபா தருகிறேன் என்று ஒரு சீட்டை நீட்டுகிறது. இன்று அதற்கு எவ்வளவு கொடுப்பீர்கள் என்பதுதான் ஏலம். 2022 பிற்பகுதியில் ஓராண்டு உண்டியலின் வட்டி 29 சதவீத அளவில் இருந்தது. அதாவது இன்று சுமார் 77 ரூபா 50 சதம் கொடுத்தால் ஓராண்டில் 100 கைக்கு வரும். இப்போது கிளை முகாமையாளரின் கதிரையில் நீங்கள் உட்காருங்கள். ஒரு பக்கம் அரசாங்கத்தின் சீட்டு: 29 சதவீதம், ரூபாவில் தருவதாக அரசாங்கமே சொல்கிறது, அதற்கென்று மூலதனம் ஒதுக்கத் தேவையில்லை, அவசரத்துக்கு மறுநாளே விற்கலாம். மறுபக்கம் அக்கரைப்பற்று ஆலை: மின் கட்டணம் ஏறிவிட்டது, டீசல் இல்லை, வயலுக்குப் பசளை இல்லை. அந்த ஆலைக்கு 30 இலும் கடன் கொடுக்க உங்களுக்கு மனம் வராது.

கல்ஓயா வாய்க்காலில் வேளாண்மை செய்கிறவர்களுக்கு இதை விளக்கவே தேவையில்லை. தலைமடையில் ஒரு பெரிய வயல் மதகைத் திறந்தபடி வைத்திருந்தால், கடைமடைக்காரன் எவ்வளவு நல்ல விவசாயி என்பது எடுபடாது. அரசாங்கம் தலைமடையில் இருக்கிறது, என்ன வட்டியானாலும் அதற்குக் காசு வேண்டும். சம்பளமும் ஓய்வூதியமும் பழைய கடனின் வட்டியும் மாத முடிவில் நிற்காது. நீங்களோ வட்டி கூடினால் கடனே வேண்டாம் என்று ஒதுங்கிக்கொள்வீர்கள். 2022 நடுப்பகுதியில் இருந்து ஓராண்டு போல இதுதான் நடந்தது. தனியாருக்கு வங்கிகள் கொடுத்த கடனின் மொத்த நிலுவை சுருங்கிக்கொண்டே போனது, அரசாங்கத்துக்குப் போனது வளர்ந்தது. அந்தக் காலத்தைப் பொறுத்தவரை உங்கள் முதல் நண்பர் சொன்னது சரி, அதில் எனக்குச் சந்தேகமில்லை.

ஆனால் அந்த நிலைக்கு எப்படி வந்தோம் என்று பார்த்தால் இரண்டாவது நண்பருக்கான பதிலும் கிடைக்கும். 2019 டிசம்பரில் வற் எனும் பெறுமதி சேர் வரியை 15 இலிருந்து 8 சதவீதத்துக்கு இறக்கினார்கள், வேறு வரிகளும் குறைந்தன. கொவிட் வந்து மீதியையும் முடக்கியது. அரச வருமானம் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 9 சதவீதத்தை ஒட்டிய அளவுக்கு விழுந்தது. செலவு விழவில்லை. வட்டி ஏறக்கூடாது என்று திறைசேரி உண்டியல் ஏலத்துக்கு உச்ச வீதம் ஒன்றை நிர்ணயித்து வைத்திருந்தார்கள், 2021 செப்டெம்பர் வரை அது இருந்தது. அந்த வட்டிக்குச் சந்தை முழுவதையும் வாங்கவில்லை. வாங்காமல் விட்டதை மத்திய வங்கி வாங்கியது. மத்திய வங்கி வைத்திருந்த அரச பிணையங்கள் 2019 முடிவில் நூறு பில்லியன் ரூபாவுக்கும் குறைவு, மூன்றே வருடத்தில் அது 2 டிரில்லியனைத் தாண்டியது. 2022 மே மாதம் அப்போதைய பிரதமர் ரணில் விக்கிரமசிங்க, அரச ஊழியருக்குச் சம்பளம் கொடுக்கவே பணம் அச்சிட வேண்டியிருக்கிறது என்று நாட்டுக்குச் சொன்னார்.

அந்தக் காலத்தில் நமது பகுதியில் யாரும் முறைப்பாடு சொல்லவில்லை என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். வட்டி மலிவாக இருந்தது. சௌபாக்கியா கொவிட் கடன் 4 சதவீதத்துக்குக் கிடைத்தது. மருதமுனைக் கைத்தறிக்காரரும் வாழைச்சேனைக் கடைக்காரரும் அதற்கு வரிசையில் நின்றார்கள். பலரின் தொழில் அதனால்தான் பிழைத்தது. அந்தக் காசும் மத்திய வங்கி ஒரு சதவீதத்துக்கு வங்கிகளுக்குக் கொடுத்த புதுப் பணம்தான். அதை நான் குறை சொல்ல மாட்டேன், நோய்க்காலத்தில் அதைச் செய்யாமல் இருந்திருக்க முடியாது. பிழை, நோய்க்காலம் முடிந்த பிறகும் மலிவு வட்டியைப் பிடித்து வைத்திருந்ததில் இருக்கிறது. பெருகிய ரூபா டொலரைத் தேடிப் போனது. டொலரை 200 ரூபாவை ஒட்டிப் பிடித்து வைத்து, கையிருப்பைக் கரைத்து, 2022 மார்ச் 7 ஆம் தேதி கைவிட்டபோது சுமார் இரண்டு மாதத்தில் அது 360 ஐத் தொட்டது. ஏப்ரல் 12 ஆம் தேதி வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது என்று அறிவித்தார்கள். செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி பணவீக்கம் 69.8 சதவீதம். அச்சடித்துக் குறைத்த வட்டி, அதற்குப் பிறகு 30 ஆகத் திரும்பி வந்து உங்கள் தலையில்தான் விழுந்தது.

இங்கே எது உறுதி, எது விவாதத்துக்குரியது என்று பிரித்துச் சொல்ல வேண்டும். மத்திய வங்கியின் பணத்தில் அரசாங்கம் தொடர்ந்து செலவழித்தால், டொலர் கையிருப்பு குறைந்த ஒரு சின்ன நாட்டில் நாணயம் சரியும், விலை ஏறும் என்பது உறுதி. 69.8 இல் எத்தனை புள்ளி அச்சடிப்பால், எத்தனை புள்ளி மற்றவற்றால் என்பது விவாதத்துக்குரியது. உலகச் சந்தையில் எரிபொருள் விலை அந்த வருடம் ஏறியது. 2021 இல் இரசாயனப் பசளையைத் தடை செய்ததால் அடுத்த பெரும்போகத்தில் விளைச்சல் எப்படி விழுந்தது என்பதை அம்பாறை மாவட்டத்துக்கு யாரும் சொல்லத் தேவையில்லை. அரிசி விலை ஏறியதற்கு நோட்டு மட்டும் காரணம் என்று யாராவது சொன்னால் அவர் வயலைப் பார்க்காதவர். நோட்டுக்குச் சம்பந்தமே இல்லை என்று சொன்னால் அவர் கணக்கைப் பார்க்காதவர். என் கணிப்பில் அச்சடிப்பும் நாணயச் சரிவும் பெரிய பங்கு, பசளையும் எரிபொருளும் அதை மோசமாக்கின. பொருளியலாளர்கள் எல்லோரும் இந்தப் பங்கீட்டில் ஒத்துப்போவதில்லை.

அரசாங்கம் கடன் வாங்கினால் தனியாருக்கு வட்டி ஏறும் என்பதும் எப்போதும் உண்மை என்று சொல்ல மாட்டேன். 2023 க்குப் பிறகும் அரசாங்கம் ஒவ்வொரு வாரமும் கடன் வாங்கிக்கொண்டுதான் இருந்தது, ஆனால் உண்டியல் வட்டி சரசரவென்று இறங்கியது. 2023 முடிவில் 91 நாள் உண்டியல் 15 சதவீதத்துக்குக் கீழே, 2024 முடிவில் 9 க்குக் கீழே. ஏன்? 2022 இல் இருந்த 30 சதவீதத்தில் ஒரு பெரிய பகுதி பயத்துக்கான விலை. வெளிநாட்டுக் கடனைக் கட்டாத அரசாங்கம் உள்நாட்டுக் கடனிலும் கை வைக்குமோ என்று வங்கிகள் நடுங்கின. 2023 ஜூன் கடைசியில் உள்நாட்டுக் கடன் மறுசீரமைப்பு அறிவிக்கப்பட்டபோது, வங்கிகளிடமும் மக்களிடமும் இருந்த உண்டியல்களைத் தொட மாட்டோம் என்று தெளிவாகியது. ரூபாக் கடனில் முக்கியமாக மத்திய வங்கி வைத்திருந்த உண்டியல்களையும் சேமலாப நிதியம் போன்றவை வைத்திருந்த முறிகளையும்தான் மாற்றினார்கள். அதோடு உண்டியல் வட்டி இன்னும் வேகமாக இறங்கியது. வற் வரி 18 சதவீதமானது, வட்டிச் செலவை ஒதுக்கிப் பார்த்தால் அரசாங்கத்தின் கணக்கில் 2023 இலும் 2024 இலும் மிச்சம் வந்தது. ஆகவே கடனின் அளவோடு, வாங்கியவரை நம்பலாமா என்பதும் வட்டிக்குள் இருக்கிறது.

சரி, இப்போது நோட்டடிக்கலாமா? சட்டப்படி முடியாது. 2023 செப்டெம்பர் 15 இல் நடைமுறைக்கு வந்த 16 ஆம் இலக்க மத்திய வங்கிச் சட்டம், அரசாங்கத்திடமிருந்து நேரடியாகப் பிணையங்களை வாங்குவதை மத்திய வங்கிக்குத் தடை செய்திருக்கிறது. முன்பு 1949 ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் வருடா வருடம் எதிர்பார்க்கும் வருமானத்தில் 10 சதவீதம் வரை அரசாங்கத்துக்கு முற்பணம் கொடுக்கும் வழக்கம் இருந்தது. அது பெயருக்குத்தான் முற்பணம், திரும்பி வந்ததில்லை. பணவீக்கம் 5 சதவீதம், இரண்டு புள்ளி கூடக் குறைய என்று இலக்கும் வைத்தார்கள். அடுத்தடுத்து இரண்டு காலாண்டு தவறினால் நாடாளுமன்றத்துக்கு விளக்கம் சொல்ல வேண்டும். இடையிடையே மத்திய வங்கி பணச் சந்தையில் வங்கிகளுக்குக் குறுகிய காலக் கடன் கொடுக்கும்போது மறுபடி நோட்டடிக்கத் தொடங்கிவிட்டார்கள் என்று முகநூலில் கத்துகிறார்கள். அது வேறு விஷயம். வங்கிகளிடம் உள்ள பிணையத்தை ஈடாக எடுத்துக்கொண்டு சில நாளுக்குக் காசு கொடுப்பது ஒவ்வொரு மத்திய வங்கியின் அன்றாட வேலை. அரசாங்கத்தின் செலவுக்குக் கொடுப்பதுதான் தடை.

இந்தச் சட்டம் சரியானது என்று நம்புகிறேன், ஆனால் அது மூன்றாவது பையைத்தான் தைத்திருக்கிறது. இரண்டாவது பை திறந்தே கிடக்கிறது. இலங்கை வங்கியும் மக்கள் வங்கியும் அரசாங்கத்துக்குச் சொந்தமானவை. பெற்றோலியக் கூட்டுத்தாபனம் நட்டத்தில் எரிபொருள் விற்றபோது அந்த நட்டத்தைச் சுமந்தது பெரும்பாலும் இந்த இரண்டு வங்கிகளின் கடன்தான், கடைசியில் அந்த டொலர்க் கடனைத் திறைசேரியே பொறுப்பேற்க வேண்டி வந்தது. பாதீட்டுப் புத்தகத்தில் பற்றாக்குறை சின்னதாகத் தெரியும், உண்மையான பற்றாக்குறை அரச வங்கியின் கடன் பேரேட்டில் ஒளிந்திருக்கும். விலையை அரசியலுக்காகப் பிடித்து வைக்கும் எந்த அரசாங்கமும் இந்த வழியைத் தேடும். மத்திய வங்கி எவ்வளவு சுதந்திரமானது என்று பேசுகிறவர்கள் இந்த இடத்தைப் பற்றி அதிகம் பேசுவதில்லை. எனக்கு உண்மையான கவலை இதில்தான்.

அப்புறம் உங்கள் முதல் கேள்வி: மேலே இறங்கியது கீழே ஏன் மெதுவாக வருகிறது? இதற்கு அரசாங்கம் பாதிக் காரணம்கூட இல்லை. வங்கி 2022 இறுதியிலும் 2023 தொடக்கத்திலும் 20 சதவீதத்துக்கு மேல் வட்டி தருவதாக ஓராண்டு நிலையான வைப்புகளை வாங்கியிருந்தது. கொள்கை வீதம் வெட்டப்பட்ட மறுநாள் அந்த வைப்புகளின் வட்டி குறையாது. அவை முதிரும்வரை வங்கியின் செலவு பழைய செலவுதான். அடுத்து வராக்கடன். 2023 நடுவில் வங்கிகளின் கடனில் 13 சதவீதம் வரை திரும்பி வராத நிலையில் இருந்தது. கட்டாதவரின் நட்டத்தைக் கட்டுகிறவரின் வட்டியில்தான் வங்கி ஏற்றும். இது நியாயமா என்று கேட்டால் இல்லை, ஆனால் எந்த வங்கியும் அப்படித்தான் செய்யும். வங்கிகள் மிகவும் மெதுவாக இறக்குகின்றன என்று பார்த்துத்தான் 2023 ஆகஸ்டில் மத்திய வங்கி உத்தரவு போட்டது: நகை அடகுக்கு 18 சதவீதத்துக்கு மேல் கூடாது, கடன் அட்டைக்கு 28 க்கு மேல் கூடாது. விதைப்புக்கு முன்னால் காப்பையும் சங்கிலியையும் ஈடு வைக்கும் நமது பக்கத்துக்கு அந்த 18 என்பது பெரிய விஷயமாக இருந்தது. கொள்கை வீதத்தை எத்தனை தரம் வெட்டினாலும் அடகுக் கவுண்டரில் அது தானாக எதிரொலிப்பதில்லை, அங்கே வருகிறவருக்குப் பேரம் பேச வழியில்லை.

சிறியவருக்கு எல்லாமே கடைசியில்தான் வரும். செய்தியில் வரும் முதன்மைக் கடன் வீதம் கொழும்பின் பெரிய கம்பனிகள் கட்டும் வட்டி. 2024 முடிவில் அது 9 சதவீதத்தை ஒட்டி இருந்தது. ஆலைக்காரருக்கு அதற்கு மேல் சில புள்ளிகள், உழவு இயந்திரத்தை லீசிங்கில் எடுத்தவருக்கு இன்னும் கூட, படுவான்கரையில் நுண்கடன் எடுத்த பெண்ணுக்கு அதைவிடப் பல மடங்கு. மத்திய வங்கியின் வெட்டு இந்தப் படிகளில் ஒவ்வொன்றாக இறங்கும்போது தேய்ந்துகொண்டே வருகிறது, கடைசிப் படியில் பல நேரம் எதுவுமே மிஞ்சுவதில்லை. நாணயக் கொள்கையால் எல்லோருக்கும் ஒரே அளவில் உதவ முடியாது என்பதைக் கொள்கை வகுப்பவர்கள் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும் என்று நினைக்கிறேன்.

வட்டி இறங்குவதை எல்லோரும் வரவேற்பதில்லை என்பதும் நினைவில் இருக்கட்டும். ஓய்வுபெற்ற அதிபர் ஒருவர் நிலையான வைப்பின் வட்டியில் மருந்து வாங்குகிறார். 20 சதவீதம் வந்த இடத்தில் 8 வந்தால் அவருக்கு வயிறு எரியத்தான் செய்யும், அதிலும் 2025 ஏப்ரல் முதல் வட்டியில் பிடிக்கும் வரி 5 இலிருந்து 10 சதவீதமானது. அவரிடம் நான் சொல்வது: 2022 இல் 20 சதவீத வட்டி வந்தபோது விலைவாசி 70 சதவீத வேகத்தில் ஓடியது, உங்கள் முதல் கரைந்துகொண்டிருந்தது. 2024 கடைசி மாதங்களில் பணவீக்கம் பூச்சியத்துக்கும் கீழே போனபோது 8 சதவீதம் முழுவதும் உங்கள் கையில் நின்றது. கணக்கு அவருக்குப் புரிகிறது, மாதச் செலவு கையைக் கடிக்கிறது என்பதும் உண்மை.

கடைசியாக நீங்கள் செய்யக்கூடியது. உங்கள் கடன் ஒப்பந்தத்தை எடுத்து வட்டி என்று இருக்கும் பந்தியைப் படியுங்கள். இரண்டில் ஒன்று இருக்கும். முழுக் காலத்துக்கும் நிலையான வட்டி என்று எழுதியிருந்தால் சந்தை இறங்கியதை வங்கி உங்களுக்குத் தரக் கடமைப்படவில்லை, பேசித்தான் எடுக்க வேண்டும். முதன்மைக் கடன் வீதத்தோடு இத்தனை புள்ளி என்று எழுதியிருந்தால் மூன்று மாதத்துக்கோ ஆறு மாதத்துக்கோ ஒரு முறை அது தானாகத் திருத்தப்பட வேண்டும். அந்த வீதத்தை மத்திய வங்கி வாராவாரம் வெளியிடுகிறது, உங்கள் சிட்டையில் இருப்பதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். திருத்தம் தவறியிருந்தால் முகாமையாளருக்கு எழுத்தில் கேளுங்கள், வாயால் கேட்டுவிட்டு வராதீர்கள். ஒப்பந்தத்தைப் பார்க்காமல் உங்கள் வட்டி கூடவா, சரியா என்று என்னால் சொல்ல முடியாது. நிலையான வட்டியாக இருந்து, தவணைகளை ஒழுங்காகக் கட்டியிருந்தால், இன்னொரு வங்கியில் விலை கேட்டு அந்தக் கடிதத்தோடு உங்கள் வங்கிக்குப் போங்கள். கடனை முன்கூட்டித் தீர்ப்பதற்கு வங்கி எடுக்கும் கட்டணத்தையும் அடமான உறுதியை மாற்றி எழுதும் செலவையும் முதலில் கூட்டிப் பாருங்கள், சில நேரம் மிச்சம் பிடிப்பது அதிலேயே போய்விடும். அறுவடைக்கு வாங்கும் குறுங்காலக் கடனைப் பற்றி நெல் வாங்கத் தொடங்கும் வாரத்தில் பேசாமல் மார்கழியிலேயே பேசி முடியுங்கள், எல்லா ஆலைக்காரரும் ஒரே வாரத்தில் வந்து நிற்கும்போது எந்த முகாமையாளரும் வட்டியைக் குறைக்க மாட்டார்.